இரண்டு சென்டிமீட்டர் பள்ளமும் இருபத்துநாலு மீட்டர் வட்டமும்

பஸ்ஸில் என் மூக்குக்கு நேராக ஒரு இடுப்பளவு நின்றுகொண்டிருந்தது.

ஆஸ்திரியாவில், மலைகளுக்கு நடுவே கிண்ணத்தின் அடியில் இருப்பதுபோல் இருக்கும் இன்ஸ்ப்ரூக் நகரத்தில் எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். இங்கே சனிக்கிழமை காலையில் டவுன் பஸ் ஏறினால் பாதிப் பேர் கையில் ஆளுயரத்துக்கு ஸ்கீ பலகைகள் இருக்கும். திருப்பூர் பஸ்ஸில் பனியன் பண்டலை மடியில் வைத்திருப்பவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் இல்லையா, இங்கே பலகைகளும் அப்படித்தான். நான் மட்டும் பார்ப்பேன். அன்றைக்கு எனக்கு எதிரில் ஒரு பெரியவர் தன் பலகைகளை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்திருந்தார். பலகையின் வால் பக்கம் பொடி எழுத்தில் 118–70–100 என்று இருந்தது. அதற்குக் கீழே R 12.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சு, இடுப்பு, சீட்! பிறந்ததிலிருந்து மெஷர்மென்ட் சார்ட் பார்த்து வளர்ந்தவளுக்கு மூன்று எண்கள் இப்படி வரிசையாக நின்றால் வேறு என்ன தோன்றும்? போனை எடுத்துத் தேடினேன். நிஜமாகவே அப்படித்தான். பலகையின் முன்பக்கம் அகலம், நடுவில் ஒடுக்கம், பின்பக்கம் மறுபடி அகலம். எல்லாம் மில்லிமீட்டரில். அந்த நடு அளவுக்கு இவர்களும் இடுப்பு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த R என்பது, பலகை தன் போக்கில் போடுகிற வட்டத்தின் ஆரம். மீட்டரில். பன்னிரண்டு மீட்டர்! என் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத எழுத்துக்குள் எங்கள் தெருவில் அடங்காத ஒரு வட்டம்.

“இந்த அளவு எப்படி...” என்று என் அரைகுறை ஜெர்மனில் பெரியவரிடம் ஆரம்பித்தேன். அவர் பலகைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, “விற்பதற்கு இல்லை” என்றார்.

இருக்கட்டும். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒரு வாரமாக என்னை மிரட்டிக்கொண்டிருந்த மலை, எனக்குப் படிக்கத் தெரிந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் நானே பலகை மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்க்கலாம். அந்த எண்ணம் வந்தது அந்த பஸ்ஸில்தான்.

ஏன் மிரட்டிக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். நான் வேலை செய்வது குளிர்கால விளையாட்டு உடுப்புகள் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில். அதன் தெர்மல் பனியன்களைத் தைப்பது திருப்பூரில் ஒரு யூனிட். அங்கேதான் அம்மா தையல் லைன் சூப்பர்வைசர், அப்பா கட்டிங் மாஸ்டர். டெக்ஸ்டைல் படித்து முடித்து நானும் அதே யூனிட்டில்தான் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். மாதிரி பார்க்க வந்த பிர்கிட் என்கிற தொழில்நுட்பத் தலைவி, நான் கேட்ட கேள்விகளின் தொல்லை தாங்காமல், “அங்கே வந்து கேள்” என்று கூட்டிவந்துவிட்டார். இப்போது அதே பிர்கிட் ஒரு பனியனை மேசையில் போட்டு, பின்பக்கக் கீழ்விளிம்பில் விரலை வைத்தார்.

“இது மேலே ஏறுகிறது. ஓட்டுகிறவர்கள் முதுகில் பனி இறங்குகிறது. ஏகப்பட்ட புகார்.”

“டம்மி பொம்மையில் சரியாக நிற்கிறதே?”

“டம்மி ஸ்கீ ஓட்டாது” என்றார் பிர்கிட். “நீ ஓட்டிப் பார்த்திருக்கிறாயா?”

இந்த மாதம் முடிவதற்குள் காரணம் தெரியாவிட்டால், அடுத்த குளிர்காலத்துக்கான ஆர்டர் போர்ச்சுகலில் இருக்கும் வேறொரு ஆலைக்குப் போகும். அதையும் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அம்மாவின் லைனில் அடைமழைக் காலத்திலும் நிற்காமல் ஓடுகிற ஸ்டைல் அந்த ஒன்றுதான். அது போனால் அந்த லைனே நிற்கும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அப்பாவும் அம்மாவும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். வெளியே எல்லாருக்கும் ‘ங்க’ போட்டுப் பழகினாலும் என்னிடம் அம்மாவின் பேச்சு இன்னும் ஊர்ப் பேச்சுதான்.

“ஏட்டி, நம்ம லைன்ல தெச்சதா ஏறுது? மெஷர்மென்ட்ல ஒரு நூலு கூடல, குறையல!”

“அளவு சரிதாம்மா. இங்க ஓட்டும்போது ஒடம்பு என்னவோ ஆகுது. அது என்னன்னு பாக்கத்தான் பலகை எடுக்கப் போறேன். பலகைக்கும் இடுப்பளவு இருக்கும்மா.”

“பலகைக்கு எதுக்குட்டி இடுப்பு? எனக்கே இல்ல.” பிறகு அம்மா யோசித்துச் சொன்னாள்: “எடுக்கதுதான் எடுக்க, பெருசாவே எடு. சின்னதா எடுத்துட்டு முழிக்காத.”

இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். எங்கள் ஊரில் இது தொழில் நியாயம். துணி சுருங்கும். சாயப்பட்டறையில் சுருங்கும், துவைத்தால் சுருங்கும். அதனால் எப்போதும் ஷ்ரிங்கேஜுக்கு விட்டுத்தான் வெட்ட வேண்டும். கூடுதலாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்குப் பள்ளிச் சீருடை எப்போதும் இரண்டு சைஸ் பெரிதாகத்தான் இருக்கும். என் அளவுக்குச் சரியான சட்டையை நான் முதன்முதலில் போட்டது கல்லூரிக்குப் போன பிறகு.

ஆகவே வாடகைக் கடைக்குப் போனபோது என் மனதில் தெளிவாக இருந்தது ஒன்றுதான்: அகலம். கடைப் பையன் லூகாஸ் என் உயரம், எடை, பூட் அளவு எல்லாம் கேட்டான். “ஓட்டத் தெரியுமா?” என்றான். போன குளிர்காலத்தில் குழந்தைகளோடு குழந்தையாக வகுப்புக்குப் போய், இரண்டு பலகைகளின் மூக்கையும் சேர்த்துப் பிட்சாத் துண்டு மாதிரி வைத்து நிற்கக் கற்றிருந்தேன். “தெரியும்” என்றேன். “எந்த மாதிரிப் பனிக்கு?” என்றான். எனக்குப் பனி எல்லாம் ஒன்றுதான். சுவரில் இருந்ததிலேயே தடித்த பலகையைக் காட்டினேன். 134–104–122, R 19. அவன் கண்கள் விரிந்தன. “ஓ, ஆழப் பனியா! தடத்துக்கு வெளியேயா!” என்றான். பாராட்டுகிறான் என்று நினைத்து நானும் கட்டைவிரலை உயர்த்தினேன்.

மலை உச்சியில் கேபிள் கார் கதவு திறந்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளுக்கு அந்தப் பக்கம் ஆனைமலை நீலமாகத் தெரியும். மலை என்றால் எனக்கு அது, எப்போதும் தூரத்தில் இருப்பது. இங்கே மலை என் காலுக்குக் கீழே இருந்தது. மேகமும் கீழேதான் இருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு தேவாலய மணி கேட்டது. நான் தினமும் காய்கறி வாங்கும் ஊர் அதற்கடியில் இருக்கிறது என்பதை நம்ப முடியவில்லை.

காலைப் பனி இறுகி, அழுத்திச் சீவப்பட்டு, கார்டுராய் துணி போல வரி வரியாகக் கிடந்தது. அகலப் பலகையில் ஏறி நின்றேன். ஆகா, என்ன உறுதி! நகர ஆரம்பித்தேன். திரும்பலாம் என்று இடது பக்கம் சாய்ந்தேன். பலகை திரும்பவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்பது போல நேராகவே போனது. இன்னும் சாய்ந்தேன். அது மெல்ல, மிக மெல்ல, தன் பத்தொன்பது மீட்டர் வட்டத்தை ஆரம்பித்தது. ஆனால் அந்தச் சரிவின் அகலமே அவ்வளவு இல்லை. வட்டத்தின் கால் பங்கு முடிவதற்குள் ஓரத்து ஆரஞ்சு வலைக்குள் மீன் மாதிரி கிடந்தேன்.

மலையில் சந்திப்பதாகச் சொல்லி அடுத்த கேபிள் காரில் வந்த பிர்கிட் என்னைப் பார்க்கவில்லை, என் பலகைகளைப் பார்த்தார். “இதை யார் கொடுத்தது?”

“நானே தேர்ந்தெடுத்தேன். சுருங்கினாலும் சரியாக இருக்கட்டும் என்று...”

“என்ன சுருங்கும்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாய்க்குள் பனி போனது.

திரும்பக் கடைக்கு வந்தபோது லூகாஸ் கேட்டான், “ஆழப் பனி எப்படி இருந்தது?” வலை ஆழமாக இருந்தது என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விளக்கினான். புதுப் பனி முழங்கால் ஆழம் கிடக்கும்போது அகலப் பலகை மிதக்கும். சேற்றில் பலகை போட்டு நடக்கிற மாதிரி. ஆனால் இறுகிய பனியில் வெட்ட வேண்டியது பலகையின் விளிம்பு. இடுப்பு அகலமானால் விளிம்பு காலைவிட்டுத் தள்ளிப் போகிறது. ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்கு மாறுவதற்குள் பாதை தீர்ந்துவிடும்.

“இதைப் பார்” என்று குறுகலான பலகை ஒன்றை எடுத்து மேசைமேல் பக்கவாட்டில், விளிம்பில் நிறுத்தினான். பஸ் பெரியவரின் அதே எண்கள்: 118–70–100, R 12. முன்னும் பின்னும் மேசையைத் தொட்டன. நடுவில், இடுப்புக்குக் கீழே, மேசைக்கும் பலகைக்கும் இடையில் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. என் பையில் எப்போதும் இன்ச் டேப் இருக்கும். எடுத்து அந்த இடைவெளியில் வைத்தேன். இரண்டு சென்டிமீட்டர்கூட முழுதாக இல்லை. லூகாஸ் ஆச்சரியப்பட்டான். இத்தனை வருடம் வாடகைக்கு விட்டும் அந்த வெளிச்சத்தை யாரும் அளந்து அவன் பார்த்ததில்லையாம்.

பனியனில் கை நுழையும் வளைவை வெட்டும்போது நாங்கள் செய்கிற கணக்குதான். நுனியிலிருந்து நுனிக்கு ஒரு நேர்கோடு, நடுவில் பள்ளத்தின் ஆழம். இந்த இரண்டும் தெரிந்தால் முழு வட்டமும் தெரிந்துவிடும். பலகையின் நீளத்தையும் அளந்து போனில் தட்டினேன். பன்னிரண்டுக்கு ஒரு துளி குறைவாக வந்தது. மறுபடியும் தட்டினேன், அதேதான். இரண்டு சென்டிமீட்டர் பள்ளத்துக்குள் இருபத்துநாலு மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் ஒளிந்துகொண்டிருக்கிறது. பலகை முழுவதும் அந்த வட்டத்தின் ஓரத்திலிருந்து கிள்ளி எடுத்த ஒரு சிறு துண்டு.

“இப்போது கொஞ்சம் சாய்த்து அழுத்து” என்றான் லூகாஸ். பலகையைச் சாய்த்து, நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து என் எடையைக் கொடுத்தேன். பலகை வில்லாக வளைந்தது. வெளிச்சம் மறைந்தது. விளிம்பு முழுவதும் மேசையில் படிந்தது. சாய்க்கச் சாய்க்க வட்டம் இன்னும் சின்னதாகும் என்றான். எழுதியிருக்கிற பன்னிரண்டு வெறும் தொடக்கம். எவ்வளவு சாய உனக்குத் துணிச்சல் இருக்கிறதோ அவ்வளவு குறுக்கிக்கொள்ளலாம்.

அந்த நொடியில் எனக்குத் திருப்பூரின் காதர்பேட்டைக் கடைத்தெரு ஞாபகம் வந்தது. பள்ளியில் படிக்கும்போது அங்கே ஒரு கடையில், எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் குவியலிலிருந்து அப்பா எனக்கு ஒரு தெர்மல் பனியன் எடுத்துக்கொடுத்தார். திருப்பூர் வெயிலுக்குத் தெர்மல்! நிறம் பிடித்துவிட்டது என்று அழுது வாங்கினேன். அதில் தொங்கிய அட்டையில் ஒரு படம் இருந்தது. வெள்ளைச் சரிவில் ஒருவர், தரையில் கை படும் அளவுக்குச் சாய்ந்து கிடந்தார். பாவம், விழுகிறார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். விழுகிறவர் படத்தைப் போட்டு யாராவது பனியன் விற்பார்களா என்று சந்தேகம் வந்ததுண்டு. அவர் விழவில்லை. திரும்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு மீட்டர் பலகையோடு பிர்கிட்டுடன் போனேன். அதே சரிவு. அதே வலை என்னை அடையாளம் கண்டு காத்திருப்பது போலத் தோன்றியது. வலது கால்மேல் எடையைப் போட்டு, இடது பக்கம் சாய்ந்தேன். பலகை பிடித்தது. எந்த வார்த்தை போட்டு எழுதினாலும் அந்தப் பிடியைச் சொல்ல முடியாது. கத்திரி சரியான இடத்தில் துணிக்குள் இறங்கினால் கைக்குத் தெரியுமே, அந்த மாதிரி. நான் திருப்பவில்லை, அது என்னைச் சுற்றிக் கொண்டுபோனது. நின்று திரும்பிப் பார்த்தேன். பனியில் மெல்லிய இரண்டு கோடுகள், காம்பஸ் வைத்து வரைந்தது போல. அதைப் போட்டது நான்! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வலது பக்கம் திரும்பும் முயற்சியில் மட்டும் ஒவ்வொரு முறையும் கால் பயந்து, பழைய பிட்சாத் துண்டுக்கே போய்விட்டது. இடது பக்கம் வந்தது. வலது வரவில்லை.

அப்படி ஓரமாக உட்கார்ந்திருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். நல்ல வெயில். பிர்கிட் ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளாமல் பையில் திணித்துவிட்டு, எங்கள் பனியனோடு இறங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் உடம்பு இடுப்பில் ஒடிந்தது. ஒரு பக்க விலா மடிந்தது, மறுபக்கம் நீண்டது. நீண்ட பக்கம் பனியனின் விளிம்பை மேலே இழுத்தது. அடுத்த திருப்பத்தில் மறுபக்கம் இழுத்தது. நடுவில் கீழே இறங்கவே இல்லை. இடம், வலம், இடம், வலம் என்று ஏணி ஏறுவது போல அது முதுகில் ஏறியது. அளவு தப்பே இல்லை. நேராக நிற்கிற உடம்புக்கு நாங்கள் அளந்திருந்தோம். மலையில் யாரும் நேராக நிற்பதில்லை.

மறுநாளே பேட்டர்ன் வரைய உட்கார்ந்தேன். பக்கத் துண்டை நேராக விடாமல் வளைத்தேன். கீழ்விளிம்பை இரண்டு பக்கமும் இறக்கினேன். மேசையில் வைத்தால் பொருந்தாமலும் சாய்ந்தால் பொருந்தியும் இருக்கிற ஒரு பொருளை அப்போதுதான் கையால் தொட்டுப் பார்த்திருந்தேன் அல்லவா? பிர்கிட் பார்த்தார், “தை. ஓட்டிப் பார்ப்போம்” என்றார். ஃபைல் திருப்பூருக்குப் போனது.

“ஏட்டி, டேபிள்ல போட்டா கோணக்கமாணக்கன்னு கெடக்கு. செக்கிங்ல போனா ரிஜெக்ட்டுதான்” என்றாள் அம்மா.

“கோணலாத்தாம்மா இருக்கணும்.”

“நாப்பது பிள்ளைய இருக்க லைனுட்டி.” அம்மா அந்தப் பேச்சை அங்கேயே விட்டாள். “அந்தப் பன்னெண்டு மீட்டரு பன்னெண்டு மீட்டருங்கியே, அது எம்புட்டு?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை யூனிட் லீவு. தெருவில் வேன் போக்குவரத்து இல்லை. வீடியோ காலில் போனை வாசல் படியில் சாய்த்து வைத்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் தெருவில் இறங்கிவிட்டார்கள். அப்பா வாசலுக்கு வலப்பக்கம் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, தெரு ஓரத்து மின்கம்பத்தடியில் ஒரு நாடாவின் முனையைப் பிடித்து நின்றார். அம்மா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கோலப்பொடிக் கிண்ணத்தோடு எங்கள் வாசலில் குனிந்தாள். கோடு நெளிந்துகொண்டே போனது.

“எலாஸ்டிக்கப் புடிச்சுக்கிட்டு வட்டம் போடுதா பாரு!” என்று அப்பா கத்தினார். “இழுக்க இழுக்க நீளுது! போயி காட்டன் டேப்ப எடுத்தா.”

எதிர்வீட்டு ராசாத்தி அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ஐந்து தலைமுறையாக அந்த மண்ணில் இருக்கும் குடும்பம்.

“ஏனுங்க, என்னங்க அளக்கறீங்க? ரோட்டை அகலம் பண்றாங்களாட்ட இருக்குதுன்னு பயந்தே போயிட்டனுங்க. எங்க ஊட்டுக் கேட்டு வரைக்கும் கோடு வருதுங்களே!”

“இல்லீங்க” என்றாள் அம்மா, பேச்சைச் சட்டென்று மாற்றிக்கொண்டு. “எங்க பாப்பா பனியில திரும்பற அளவுங்க.”

“பனியிலயா? இவ்வளவு பெருசாங்க?” அக்கா போனுக்குள் குனிந்தார். “கண்ணு, பாத்துத் திரும்பு சாமி. அந்தூர்ல வண்டி கிண்டி வரப்போவுது.”

தெருவின் அகலத்துக்கு வட்டத்தில் ஒரு சின்னத் துண்டுதான் அடங்கியது. எங்கள் வாசலில் ஆரம்பித்து, நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரின் சக்கரத்துக்கடியில் புகுந்து, ராசாத்தி அக்கா வீட்டுக் கேட்டில் போய் முட்டி நின்றது. மீதி வட்டம் அவர்கள் வீட்டுக்குள்ளும் மதிலுக்கு அப்பாலும் எங்கேயோ போகிறது. அம்மா இடுப்பில் கைவைத்து நின்று அதையே பார்த்தாள். “எம்மாடி” என்றாள். நான் மேசையின்மேல் வெளிச்சத்தைப் பார்த்தபோது எனக்குள் என்ன நடந்ததோ அது அவளுக்கும் நடந்தது என்று அந்த முகத்தில் தெரிந்தது.

இங்கே என்னைப் போலப் பெட்டி கட்டி வந்தவர்களுக்குத் தெரியும். ஊருக்குப் போன் பேசும்போது இந்த ஊரைச் சொல்ல முடியாது, இங்கே இருப்பவர்களிடம் அந்த ஊரைச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் நாம் பாதி பாதியாகப் பேசிக்கொண்டே இருப்போம். இந்த ஒரு அளவு மட்டும் இரண்டு இடத்திலும் அதே அளவாக இருந்தது.

மாதிரி பனியன் இன்று காலை வந்துவிட்டது. பிரித்தவுடன் ஸ்டீம் அயர்ன் வாசனை. மேசையில் விரித்தேன். அம்மா சொன்னது சரி, கோணக்கமாணக்க என்றுதான் கிடக்கிறது. சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு பிர்கிட்டோடு மலைக்குப் போகிறேன். மாதம் முடியும் முன் கிடைக்கிற கடைசிச் சனிக்கிழமை. இடது பக்கம் மட்டும் திரும்பினால் போதாது. பனியன் ஏணி ஏறுகிறதா இல்லையா என்று தெரிய இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்ப வேண்டும். அதை என் முதுகிலேயே உணர வேண்டும்.

அம்மா போட்ட கோட்டின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் பலகைகள் சாய்ந்து நிற்கின்றன. பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று தெரிந்தது. ராசாத்தி அக்கா வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவதாக வைத்துக்கொண்டால் அந்தக் கோடு இடது பக்கம் வளைகிறது. அது எனக்கு வருகிறது. எங்கள் வாசலிலிருந்து கிளம்பிப் போவதாக வைத்துக்கொண்டால் அதே கோடு வலது பக்கம் வளைகிறது.

சனிக்கிழமை அந்தப் பக்கம் சாய்ந்து பார்க்கப் போகிறேன்.